பைனாவின் குழிமேடு

நெல்வயல் மதகுப் பலகையில் அப்பியிருந்த சேற்றை டைட்டஸ் சுரண்டிக்கொண்டிருந்தபோது அந்த ஆள் கரையேறி வந்தான். ஒரு காது மடல் அறுந்திருந்தது. காலில் ஒன்றுமில்லை. பாதம் வெடித்துப் புழுதி ஏறி மாட்டுக் குளம்பு மாதிரி இறுகியிருந்தது. தென் கரோலினாவின் பாதைகளில் அந்த வருஷம் இப்படிப்பட்ட ஆட்கள்தான். போர் முடிந்து, அடிமை என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. விற்றுப் பிரிக்கப்பட்ட பெண்டாட்டியை, பிள்ளையை, தாயைத் தேடி ஆளுக்கொரு திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். டைட்டஸ் எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்கிறான். இவனுக்கும் தண்ணீர்க் குடுக்கையை நீட்டினான்.

குடித்துவிட்டு வாயைத் துடைத்தபடி அவன் சொன்னான்: "அண்ணே, என் பேரு கட்ஜோ. டெக்சாஸ்லேருந்து வர்றேன். பைனான்னு ஒருத்தி, இடது புருவத்துல தழும்பு இருக்கும். என் பொஞ்சாதி. இங்க இருக்காளா?"

அவன் தன் பெயரைச் சொல்லாவிட்டாலும் யாரென்று டைட்டஸுக்குத் தெரிந்திருக்கும். டைட்டஸோடு குடித்தனம் நடத்தும் பைனா அவனைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை, டைட்டஸும் கேட்டதில்லை. அவள் இங்கே வருமுன்பே முதல் புருஷனைப் பழைய எஜமான் விற்றுவிட்டான் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. இப்படி எல்லார் வீட்டிலும் ஒரு கதை உண்டு. ஆனால் முந்தின கோடையில் காய்ச்சல் கண்டு பைனா கிடந்தபோது, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே டைட்டஸ் உட்கார்ந்திருக்க, அவள் கூப்பிட்டது கட்ஜோவை. தெளிந்தபிறகு அவளுக்கு அது நினைவில்லை. இவனுக்கு மறக்கவில்லை. அடுப்பு முன்னால் அவள் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட, யாரை நினைக்கிறாள் என்று வயிறு எரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வருகிறார். அடிமைக் காலத்தில் எஜமான் தலையாட்டினால் கல்யாணம், தலையைத் திருப்பிக்கொண்டால் இல்லை. இனி சட்டப்படி. டைட்டஸும் பைனாவும் அன்றைக்குத்தான் கைபிடிக்கப் போகிறார்கள். இரண்டு புருஷன் உள்ளவள் ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனை அனுப்பிவிட வேண்டும் என்று பாதிரியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தி பழையவனைப் பார்த்த மாத்திரத்தில் அவன் தோளில் சாய்ந்துவிட்டாள். கூட வாழ்ந்தவன் தன் மண்வெட்டியையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போனதை எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

பைனா அந்த நேரம் கரை திரும்பும் இடத்துக்கு அப்பால் களை கொத்திக்கொண்டிருந்தாள். கையை நீட்டிக் காட்டினால் போதும்.

"செத்துட்டா," என்றான் டைட்டஸ். "காய்ச்சல்."

வந்தவன் திரும்பிப் போய்விடுவான் என்றுதான் நினைத்தான். கட்ஜோ அப்படியே கரையில் உட்கார்ந்தான். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டான்.

டைட்டஸ் அதை யோசித்திருக்கவில்லை. பைன் தோப்புக்குக் கூட்டிப்போனான். அங்கே கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. செத்தவர்கள் கடைசியாகத் தொட்ட கோப்பையோ தட்டோ, அதை உடைத்து மேட்டின்மேல் வைத்திருக்கும், அதுதான் அடையாளம். டைட்டஸின் கால் பழக்கத்தில் அவன் அம்மாவின் மேட்டில் போய் நின்றது. கட்ஜோ அதன்மேல் குப்புற விழுந்தான். அம்மாவை அடக்கம் செய்த அன்று டைட்டஸ்கூட இப்படி அழவில்லை. பக்கத்தில் நின்றவனுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும், பயமாவது வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் கிடந்தும் பைனாவுக்காகத் தன்னால் இப்படி அழ முடியுமா, தான் செத்தால் அவள்தான் இப்படி அழுவாளா என்று உள்ளே ஏதோ பிறாண்டியது.

"கடைசில என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளாண்ணே?"

"இல்ல. ஒரு வார்த்த சொல்லல."

கட்ஜோ மண் ஒட்டிய முகத்தை மெல்ல ஆட்டினான். "நல்லதாப் போச்சு. என்னையே நெனச்சுக்கிட்டுக் கெடந்திருந்தா பாவம். அவளுக்குன்னு யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒருத்தன் இருந்தான்."

"நல்லவனா?"

டைட்டஸ் ஒரு பைன் காயைக் காலால் தள்ளினான். "பாடுபடுறவன்."

"அவனப் பாத்தா கையப் புடிச்சு ரெண்டு வார்த்த சொல்லணும்."

பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு சீப்பை எடுத்தான். மாட்டுக் கொம்பைக் கத்தியால் அறுத்துப் பல் பல்லாகத் தேய்த்தது. பைனா தலை வாருவது கம்பளி கோதும் கம்பிச் சட்டத்தால்தான். டைட்டஸ் அவளுக்கு மீன் பிடித்துக் கொடுத்திருக்கிறான், முயல் அடித்துக் கொடுத்திருக்கிறான். அவளுக்கு ஒரு சீப்பு வேண்டியிருக்கும் என்று டைட்டஸுக்குத் தோன்றியதே இல்லை. கட்ஜோ அதை இரண்டாக ஒடித்தான். காய்ந்த எலும்பு முறிவது போலச் சத்தம் கேட்டது. இரண்டு துண்டையும் மேட்டில் குத்தி வைத்தான். "நீங்க போங்கண்ணே. நான் செத்த நேரம் அவகூட இருக்கேன்" என்று புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் பைனா சோறும் பயறும் போட்டுக்கொண்டிருந்தபோது, சுள்ளி பொறுக்கப் போயிருந்த ஹேகர் வாசலில் வந்து நின்றாள். பக்கத்துக் குடிசைக்காரி, வாய்த்துடுக்கு அதிகம்.

"ஏன்டி பைனா, நீ செத்துட்டியாமே? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக்கூடாதா, ஒப்பாரி வைக்கவாச்சும் வந்திருப்பேன்ல."

பைனா சிரித்தபடி என்னவென்று கேட்டாள். டைட்டஸ் அம்மாவின் மேட்டில் எவனோ புல் பிடுங்குகிறானாம், பைனா பைனா என்று புலம்புகிறானாம், பைத்தியம்போல இருக்கிறதாம். வந்தவன் குனிந்தே இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை என்றும், ஒரு காது மடல் அறுந்திருந்தது என்றும் ஹேகர் சொன்னாள்.

பைனாவின் கை நின்றது. அவள் ஹேகரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"யாருய்யா அது?"

ஏதோ கிறுக்கன் என்று சொல்லிவிடலாம். டைட்டஸ் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"உன்னத்தான் கேக்குறேன். யாரு அது?"

"சாப்டுட்டுப் போ," என்றான் அவன்.

சட்டியைக் கீழே வைத்தாள். தலைத்துணி இல்லாமல் வாசல் தாண்டாதவள் வெறுந்தலையோடு இறங்கிப் போனாள். ஹேகர் சுள்ளிக்கட்டை இடுப்பில் இடுக்கியபடி அவளையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே கடல் பொங்கி ஆற்றைப் பின்னுக்குத் தள்ளும் நேரம். மதகு வழியே ஆற்று நீர் வயலுக்குள் ஏறி, கரையின் இருபக்கமும் கறுத்துப் பரவியது. நடுவில் அந்த ஒற்றையடி மண். அதில் பைனா முதலில் நடந்தாள். கரை வளைகிற இடத்தில் பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.