பிடுங்கிய பாடவேளை

ஏ பிரிவின் கணக்கு டீச்சருக்கு அன்று மதியச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. அரையாண்டுக் கணக்குத் தேர்வில் பி பிரிவு முந்திவிட்டது. ஒன்பது ஆண்டுகளாக முதலிடம் தம் பிரிவுக்கே என்று தலைநிமிர்ந்து நடந்தவர் அவர். ஆசிரியர் அறைப் பலகையில் இரண்டு பிரிவுகளின் சராசரி மதிப்பெண்களையும் பார்த்ததிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவர் என்ன குறை வைத்தார்? விளையாட்டுப் பாடவேளை வந்தால் போதும், "சார், போர்ஷன் முடியல" என்று உடற்பயிற்சி மாஸ்டரிடம் கேட்டுப் பிடுங்கிக்கொண்டு கணக்கு நடத்துவார். பி பிரிவின் புது டீச்சரோ அதைத் தொட்டதே இல்லை.

'மைதானத்துல மாஸ்டர் அவங்களுக்கு ரகசியமா வாய்ப்பாடு சொல்லித் தர்றாரு!' என்று முடிவுகட்டி, கையும் களவுமாகப் பிடிக்க, பி பிரிவின் விளையாட்டு நேரத்தில் மாடிச் சன்னலில் ஒளிந்து நின்றார்.

வாய்ப்பாடும் இல்லை, வெங்காயமும் இல்லை. பிள்ளைகள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். நடுவே, 'முணுமுணு' என்று பட்டப்பெயர் வாங்கிய பெண்! வாய்விட்டுப் பேசாத அவளை, சராசரியைக் கெடுக்கிறாள் என்று ஆண்டுத் தொடக்கத்தில் பி பிரிவுக்குத் தள்ளிவிட்டவரே இவர்தான். அவள் இப்போது, "பந்தை இங்க போடுடா, தூங்குமூஞ்சி!" என்று மைதானம் அதிரக் கத்தினாள்.

அடுத்த பாடவேளையில் பி வகுப்பு வாசலோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வேர்வை காயாத முகத்தோடு முணுமுணு கரும்பலகையில் கணக்குப் போட்டாள். பாதியில் தப்பு. இவர் எதிர்பார்த்த அழுகை வரவில்லை.

"இருங்க டீச்சர், இன்னொரு தடவை போடுறேன்." விழுந்து எழுந்து பழகியவள் அல்லவா! விடை வந்தது.

தம் வகுப்புக்குத் திரும்பினார். "யாரு போர்டுக்கு வர்றீங்க?" ஒரு கொட்டாவி கேட்டது. அத்தனை தலைகளும் குனிந்தன.

அடுத்த விளையாட்டுப் பாடவேளையில் பிள்ளைகளோடு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"சார், எங்க பீரியடை எங்களுக்கே கொடுத்துடுங்க."

"நல்லா இருக்கே கதை! நானா டீச்சர் புடுங்கினேன்?" என்றார் மாஸ்டர், விசிலைத் துடைத்தபடி.

டீச்சரின் முகம் சிவந்தது. "அது கிடக்கட்டும். பி பிரிவு எத்தனை சுத்து ஓடுது?"

"நாலு."

"எங்களுக்கு அஞ்சு!"

"ஓடிப் பழக்கமில்லாத புள்ளைங்க. முன்னால யாராவது ஓடினா தைரியமா வருவாங்க."

டீச்சர் தயங்கித் தயங்கிச் செருப்பைக் கழற்றி, மெல்ல ஓடத் தொடங்கினார். பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு கிளம்பியது. அந்த வகுப்பில் அவர் கேட்டிராத சத்தம். அப்போதுதான் மாடிச் சன்னலில் பி பிரிவு டீச்சர் நிற்பது கண்ணில் பட்டது.

அவ்வளவுதான். கணக்கு டீச்சர் வேகத்தைக் கூட்டினார்.