குச்சியில் ஏறும் அப்பன்

பூச்சி ஆய்வுக்கூடத்தில் தொட்டிகளைப் பராமரிப்பவளுக்கு அந்த ஆண் தண்ணீர்ப் பூச்சியைக் கண்டாலே ஆகாது. தொட்டியில் நட்டிருந்த குச்சியில், தண்ணீருக்கு மேலே, பெண் பூச்சி முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது. ஆண் மட்டும் மணிக்கொரு தரம் குச்சியில் ஏறி முட்டைகள்மேல் கவிழ்ந்து படுத்தது.

"மூஞ்சியப் பாரு, திருட்டு முழி! முட்டையத் திங்கத்தான் ஏறுது."

எண்ணிப் பார்த்தாள். எழுபத்திரண்டும் அப்படியே இருந்தன. அதனாலேயே சந்தேகம் வலுத்தது. சமயம் பார்க்கிறான், பயல்!

ஆணைப் பிடித்து வேறு தொட்டியில் போட்டாள். அந்த நிம்மதியில் வீட்டுக்குப் போன் போட்டு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கணவனிடம் அன்றாட விசாரணையை நடத்தினாள்.

"பால் குடுத்தீங்களா? நெஜமாவா? எங்க, போட்டோ எடுத்து அனுப்புங்க."

மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து திரும்பிய ஆய்வாளர், குச்சியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். முட்டைகள் காய்ந்து சுருங்கிக் கிடந்தன.

"அப்பனை ஏம்மா மாத்துனீங்க? அது ஒடம்புல தண்ணியச் சுமந்துட்டு வந்து முட்டைய நனைக்கத்தானே ஏறும்!"

அன்று மதியம் அவளுக்கு வீட்டுக்குப் போன் போடக் கை வரவில்லை.

ஒரு மணிக்குப் படம் தானாகவே வந்தது. சிரிக்கிற குழந்தை, பக்கத்தில் காலிப் பால்புட்டி. கீழே கணவன் எழுதியிருந்தான்: 'நீ கேக்கறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்.'

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு படத்தைப் பெரிதாக்கி, புட்டியின் அடியில் பால் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள்.