மணிக்கட்டில் நாடா

சின்னவனை வீட்டில் வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூக்குக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். சோறு தின்னும்போது ஓடும், அழுது முடித்த கையோடும் ஓடும். அவன் அம்மாவுக்கு அது ஒரு வசதி. தையல் மெஷினில் குனிந்தபடியே, அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறானா, செருப்புப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறானா என்று சொல்லிவிடுவாள். ரீங்காரம் நின்றால்தான் மெஷினை விட்டு எழுவாள். நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம், இல்லாவிட்டால் எதையோ எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

பெரியவளுக்கு மேஸ்திரி என்று பெயர். பஸ் ஓட்டும் அப்பா வைத்த பெயர். ஐந்து வயதுக்கு அது பெரிய பதவிதான், ஆனால் அவள் அதைக் குறைவில்லாமல் நடத்தி வந்தாள். மதியம் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் வீட்டை ஒரு சுற்றுப் பார்ப்பாள். தண்ணீர் பாட்டிலுக்கு மூடி இல்லை, கொடியில் துணி காயவில்லை, தம்பிக்கு மூக்கு ஒழுகுகிறது என்று குறை சொல்லி முடித்த பிறகுதான் தட்டுக்கு முன்னால் உட்காருவாள்.

அம்மா ஓட்டல்களுக்கு ஏப்ரன் தைத்தாள். முழு ஏப்ரன் இல்லை. தையல் கடையில் வெட்டி, ஓரம் அடித்து, கட்டுக் கட்டாக வீட்டுக்கு அனுப்புவார்கள். கழுத்தில் மாட்டும் பட்டையும் இடுப்பில் கட்டும் நாடாக்களும் இவள் வேலை. சாயங்காலம் கடையின் வேன் வந்து மாடிக் குடியிருப்பின் கேட்டில் நின்று ஹாரன் அடிக்கும். தைத்த கட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அடுத்த கட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். போன வாரம் ஒரு நாள் வண்டுவைக் குளியலறையில் கழுவிக்கொண்டிருந்தபோது வேன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்குக் கடை நடத்தும் அக்கா போன் செய்தாள்.

"நான் திட்டலம்மா. ஆனா உன் பிள்ளைக்கு வயித்தால போனது ஓட்டல்காரனுக்குத் தெரியாது பாரு. இன்னொரு தடவை வேன் வெறுங்கையோட வந்துச்சுன்னா கட்டை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். மனசுல வச்சுக்காதே."

மனதில் வைத்துக்கொள்ள இடம் எங்கே இருந்தது? வீட்டிலிருந்தே செய்யும் வேலை இது ஒன்றுதான். இது போனால் கடைக்கே போய் உட்கார்ந்து தைக்க வேண்டும், வண்டுவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று அவளும் கணவனும் பல முறை யோசித்து, ஒவ்வொரு முறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

நாடாவால் வண்டுவைத் தன்னோடு கட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கும் முன்னாலேயே வந்தது. ஒரு மத்தியானம் அவள் கண் அசந்த நேரத்தில் வண்டு கதவைத் தாண்டிப் போய்விட்டான். மேல்மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில், கம்பிக்கு வெளியே ஒரு காலைத் தொங்கவிட்டபடி, ரீங்காரம் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து, கண் தானாக மூடுகிறது என்று தெரிந்தால், மிச்சமான நாடாத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு முனையை அவன் இடுப்பிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொள்வாள். எங்கேயாவது சிக்கினால் அவனுக்கு ஆபத்து வரக்கூடாதே என்று, பலமாக ஒரு இழுப்பு இழுத்தால் அவிழும் உருவு முடிச்சாகப் போடுவாள். அந்த முடிச்சை மேஸ்திரிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். பிறகு தரையில் படுப்பாள். அது தூக்கம் இல்லை. இமைக்குப் பின்னால் போய் நிற்பது மாதிரி. கையில் இழுப்பு வந்துகொண்டிருந்தால் பிள்ளை இருக்கிறான். அவ்வளவு தெரிந்தால் போதும், உடம்பில் ஒரு பாதியாவது இளைப்பாறும்.

வண்டுவுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற சமயம். இரவெல்லாம் தோளில்தான் தூங்குவான், கீழே விட்டால் அலறுவான். கணவனுக்கு விடியற்காலை முதல் பஸ். தூக்கம் கெட்டவன் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது என்பதால் இரவு முழுவதும் அவள் பங்கு. அந்த வாரம் முழுக்க அவள் கண்களில் மணலைக் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. யாராவது பேசினால் முதல் பாதி கேட்கும், மறு பாதி எங்கேயோ போய்விடும்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு ஏப்ரனில் கழுத்துப் பட்டையை இடுப்பிலும், இடுப்பு நாடாவைக் கழுத்திலும் வைத்துத் தைத்துவிட்டாள். மேஸ்திரி அதைத் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இத போட்டுக்கிறவங்களுக்குத் தலை வயித்துல இருக்குமாம்மா?"

வேறொரு நாள் என்றால் சிரித்திருப்பாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. கையிலிருந்ததைப் பிடுங்கி, போ அந்தப் பக்கம், என் உயிரை வாங்காதே என்று கத்தினாள். மேஸ்திரி அழவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டுவின் ரீங்காரம்கூட ஒரு நொடி நின்று, பிறகு மெதுவாகத் தொடங்கியது.

தைத்ததைப் பிரித்து, சரியாகத் தைத்து, கட்டை முடித்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தபோது வெயில் ஜன்னலைவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. வேன் வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எரிச்சலோடு நாடாவைக் கட்டினாள். மேசை மின்விசிறியைத் தரையில் இறக்கி வைத்தாள். அது தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தது. கதவில் மேல் தாழ்ப்பாள் போட வேண்டும் என்று நினைத்தாள். அது இறுகிப்போன தாழ்ப்பாள், நாற்காலி போட்டு ஏறினால்தான் நகரும். எழுந்து போகக் கால் வரவில்லை.

"வேன் வந்தா யாராவது சொல்லுங்கப்பா," என்றாள் சுவரைப் பார்த்து. வீட்டில் யாரும் பெரியவர்கள் இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் கண் மூடிவிட்டது.

எங்கேயோ ஒரு குளத்தின் அடியில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மேலே யாரோ நடந்தார்கள். கையில் இழுப்பு வந்தது, தளர்ந்தது. இருக்கிறான். மறுபடி இழுத்தது, தளர்ந்தது. இருக்கிறான், விளையாடுகிறான். இப்படி ஒரு தூக்கம் வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று தூக்கத்துக்குள்ளேயே வியந்தாள். இழுப்பு, தளர்வு. இழுப்பு, தளர்வு. அந்த ஒழுங்குதான் கடைசியில் அவளை மேலே கொண்டுவந்தது. குழந்தை இவ்வளவு ஒழுங்காக இழுக்காது.

கண்ணைத் திறந்தாள். நாடா அவள் மணிக்கட்டிலிருந்து தரையோடு போய் மின்விசிறியின் முன்பக்கக் கம்பிக் கூண்டில் முடிந்திருந்தது. விசிறி தலையைத் திருப்பியது, அவள் கை அசைந்தது. தலை திரும்பி வந்தது, கை தளர்ந்தது. கூண்டுக்குள் இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, அழகான உருவு முடிச்சு. கதவு ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறந்திருந்தது. வீட்டில் ரீங்காரம் இல்லை.

எழுந்த வேகத்தில் விசிறியில் இருந்த முடிச்சு அவிழ்ந்துகொண்டது, விசிறி ஒரு ஆட்டம் ஆடி நிலைத்தது. செருப்பு மாட்டவில்லை. கால் தானாக மேல்நோக்கித்தான் ஓடியது, போன முறை அவன் கிடைத்த இடத்துக்கு. திருப்பத்தில் யாரும் இல்லை. கம்பிக்கு வெளியே குனிந்து கீழே பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்க்காமலே நின்றாள். பிறகு பார்த்தாள். கீழே சிமெண்டுத் தரை, ஒரு பக்கெட், காய்ந்துகொண்டிருந்த ஒரு மிதியடி. வேறு எதுவும் இல்லை.

படியிறங்கும்போது நாடா பின்னால் ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டே வந்தது. கேட்டுக்கு வெளியே பெரிய சாலை. கணவனுடைய பஸ் மாதிரி பஸ்கள் போகிற சாலை. மத்தியானம் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. போ அந்தப் பக்கம். மேஸ்திரி போய்விட்டாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

கடைசித் திருப்பத்தில் ரீங்காரம் கேட்டது.

கீழ்ப்படியில் இரண்டு முதுகுகள் இருந்தன. மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டிலிருந்து ஒரு புது நாடா போய் வண்டுவின் இடுப்பைச் சுற்றியிருந்தது. அவன் ஒரு காய்ந்த இலையைத் தின்பதா வேண்டாமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அம்மா கம்பியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன்தான் கேட்டருகிலிருந்த தன் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

நல்லா தூங்கினியாம்மா என்று கேட்டார். கேலி இல்லை, மரியாதையாகவே கேட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார். பிள்ளைகள் இறங்கி வந்ததும், கேட்டைத் தாண்டக் கூடாது என்று அவர் சொல்ல வாயெடுக்கும் முன்பே மேஸ்திரி அவரிடம், கேட்டைத் தாண்ட அம்மா கை வேணும், அதனால் நாங்க இங்கதான் உட்காருவோம் என்று சொல்லிவிட்டாளாம். இலையைத் தவிர அவனும் ஒன்றும் தின்னவில்லையாம். வேன் வந்ததாம்.

"வந்துச்சா?" என்றாள் அம்மா.

"வந்துச்சே. வேன்காரன் ஹாரன்ல கை வைக்கப் போனான், இவ இங்கிருந்தே ஒரு அதட்டல். அம்மா தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க, நாளைக்கு வாங்கன்னு. அவனும் இறங்கி வந்து, உங்க அம்மா சொன்னாங்களான்னு கேட்டான். நான்தான் சொல்றேன்னு இவ சொன்னா. அவன் சிரிச்சுட்டுப் போயிட்டான். நீ சொல்லித்தான் அனுப்பினேன்னு நான் நினைச்சேன்மா."

அவர் முகத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தது. மெல்லத் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

அம்மா இறங்கி வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டு அவள் மடியில் ஏறி, இலையை அவள் வாயில் வைக்கப் பார்த்தான். மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. தலையை லேசாகத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள். அடி விழும் என்று எதிர்பார்க்கிற உடம்பு அது. அடித்து வளர்த்த பிள்ளை இல்லை. ஆனாலும் அந்த உடம்புக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

"வேன் வந்ததும் ஏன்டா எழுப்பல?"

"நீ எழுந்தா கோவமா இருப்பே," என்றாள் மேஸ்திரி. "தூங்கும்போது நல்லா இருக்கே."

சாலையில் ஒரு பஸ் போனது, இன்னொன்று போனது. அம்மா அந்த வார்த்தையை எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை, எடுக்கவே பயமாக இருந்தது. மகளின் மணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்து முடிச்சைப் பார்த்தாள். சரியாகத்தான் போட்டிருந்தாள். கொஞ்சம் இறுக்கமாக. தோலில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. அவிழ்த்துவிட்டு அந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு ஏறிப் போனதும் முதலில் நாற்காலி போட்டு மேல் தாழ்ப்பாளைத் தள்ளினாள். கணவன் வந்தால் தட்டட்டும். கட்டு கதவுக்குப் பக்கத்திலேயே, வைத்தது வைத்தபடி இருந்தது. கடை அக்காவுக்கு அவளே போன் செய்தாள். சாக்கு எதுவும் சொல்லவில்லை, தூங்கிவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வேன்காரன் சொன்னான். உங்க வீட்டு மேஸ்திரி விரட்டி விட்டுட்டாளாமே." குரலில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை. "நாளைக்கு நீயே கொண்டுவந்து குடு. அடுத்த கட்டுக்கு ஆள் பார்த்தாச்சு. அது பத்தி நேர்ல பேசிக்கலாம்."

சரிக்கா என்று சொல்லிப் போனை வைத்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது போல. விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாடா இழுக்காததால் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திரும்பியது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான், ரீங்காரம் அங்கிருந்து வந்தது.

மேஸ்திரி கொஞ்சம் தள்ளி நின்றபடி அவள் முகத்தையே பார்த்தாள்.

"கோவமா இருக்கியா?"

"இல்லடா."

"பின்ன?"

அம்மா யோசித்தாள். பொய் சொல்லாமல் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

"அசதியா இருக்கேன்."

"மத்தியானமும் அதானா?"

"அதான். பார்க்கிறதுக்குக் கோவம் மாதிரியே இருக்கும்."

மேஸ்திரி இதைக் கொஞ்ச நேரம் சோதித்துப் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வந்து, ஆனால் சாயாமல், உட்கார்ந்தாள். தரையில் கிடந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு, இனிமே வேன் வந்தா எழுப்பவா என்று கேட்டாள்.

"எழுப்பு," என்றாள் அம்மா. இனி வேன் வருமா என்பதை அவள் சொல்லவில்லை. "கோவமா இருந்தாலும் எழுப்பு."

கட்டிலுக்கு அடியில் ரீங்காரம் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.