பாரி தெருவுக்கு வழி

சகாதேவனுக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. ‘தெரியாது’ என்ற வார்த்தை. அதைக் கெட்ட குணம் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. கேட்டவர் முகம் வாடிவிடக் கூடாதே என்ற இளகிய மனசுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவருடைய வாடகை சைக்கிள் கடை. கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் வழி கேட்டால் உடனே கையை நீட்டிவிடுவார். நீட்டிய பிறகுதான் யோசிப்பார்.

எழுபத்தேழோ எழுபத்தெட்டோ வருஷம், ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அவர் மகள் கஸ்தூரியைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வருவதாக இருந்தது. கஸ்தூரிக்கு இருபத்தாறு வயது. மூன்று வரன்கள் வந்து தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் தரகர் இனி வாசல் மிதிக்க மாட்டார் என்று அவள் அம்மா பச்சையம்மாளுக்குப் பயம்.

“பன்னண்டு மணிக்கெல்லாம் வந்துடுங்க. பஞ்சரு, காத்துன்னு உக்காந்துடாதீங்க” என்று காலையிலேயே கணவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

பத்தரை மணிக்குக் கடை முன்னால் ஓர் அம்மாளும் வாலிபனும் வந்து நின்றார்கள்.

“ஐயா, பாரி தெரு எங்க இருக்குதுங்க?” என்று அம்மாள் கேட்டாள்.

அப்படி ஒரு பெயரையே சகாதேவன் கேள்விப்பட்டதில்லை. உண்மையில் அது அவர் குடியிருந்த தெருதான். காலங்காலமாகக் கிணற்றுத் தெரு என்று இருந்ததற்குப் போன மாதம் புதுப் பெயர் வைத்து, முனையில் பலகையும் அடித்திருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் சைக்கிள் மிதிப்பார். சொந்தத் தெருப் பலகையை யார் நின்று படிக்கிறார்கள்?

வந்தவர்களும் இன்னார் வீடு என்று சொல்லவில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டை வழியில் விசாரித்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பது மாப்பிள்ளையின் அம்மா வேதா அம்மாளின் எண்ணம்.

சகாதேவனின் கை நீண்டுவிட்டது. புதுப் பெயராக இருக்கிறதே, புது வீடுகள் ரமணாசிரமம் பக்கம்தானே வருகின்றன என்று நினைத்தார்.

“செங்கம் ரோட்ல நேரா போங்க. ஆசிரமம் தாண்டி கொஞ்ச தூரம்.”

அவர்கள் போனதும் பக்கத்து டீக்கடை அப்துல் எட்டிப் பார்த்தார். “அண்ணே, மெய்யாலுமே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா சொல்றேன்?”

“போன வாரம் தபாலாபீஸ் கேட்ட ஆளை சுடுகாட்டுக்கு அனுப்பிச்சீங்க.”

“அங்கிருந்து பக்கம்தான், போய்யா.”

ஆசிரமம் தாண்டி வேதா அம்மாள் ஓர் இளநீர்க்காரரைக் கேட்டாள். “இன்னும் கொஞ்ச தூரம்” என்றார் அவர். அடுத்தவரும் அதையே சொன்னார். இந்தக் குணம் சகாதேவனுக்கு மட்டும்தான் என்றா நினைத்தீர்கள்? அடி அண்ணாமலை வந்ததும் மகன் பரசுராமன் நின்றுவிட்டான்.

“அம்மா, இது மலை சுத்துற பாதை. திரும்பிடலாம்மா.”

“மலையை வலமா சுத்த ஆரம்பிச்சுட்டு பாதியில திரும்பறதா? கூடாதுடா. நட.”

“வண்டியாவது புடிக்கறேன்.”

“வண்டியில சுத்தினா புண்ணியம் வண்டிக்குத்தான்.”

வீட்டில் மணி மூன்றரை ஆயிற்று. சகாதேவன் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். கேசரி ஆறிக் கட்டியாகிவிட்டது. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வராவிட்டால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. பட்டுப் புடவையை மாற்றிவிடலாமா என்று கஸ்தூரி ஒருமுறை கேட்டாள்.

அடி அண்ணாமலைக்குப் பிறகு மலையைச் சுற்றி நடந்தால், ஈசானிய லிங்கத்தைத் தாண்டியதும் வருவது அந்தத் தெருதான். நாலு மணிக்கு வேதா அம்மாள் வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றாள். அறுந்த அவள் செருப்பு பரசுராமன் கையில் இருந்தது.

சகாதேவன் ஓடிப்போய்க் கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

“நீங்கதானா” என்றாள் வேதா அம்மாள்.

“இன்னாங்க ஆச்சு?” என்று பதறினாள் பச்சையம்மாள்.

“உங்க வீட்டுக்காரரு வழி சொன்னாரு. எட்டு மைல் வழி.”

பச்சையம்மாள் கணவரைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். சகாதேவன் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். நாலாவது வரனும் தன் கையாலேயே போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கஸ்தூரி காபித் தட்டோடு வரவில்லை. வெந்நீரில் கல்லுப்புப் போட்ட அகலப் பாத்திரத்தைத் தூக்கி வந்து கீழே வைத்தாள்.

“காலை வைங்கம்மா. எரிச்சல் கம்மியாவும்.”

வேதா அம்மாள் காலை வைத்தாள். முகம் மட்டும் இளகவில்லை.

“ஏம்மா, பாரி தெரு எதுன்னு உனக்காவது தெரியுமா?”

“தெரியாதுங்கம்மா. இது கிணத்துத் தெரு.”

பச்சையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். வேதா அம்மாளோ பாத்திரத்துத் தண்ணீர் தளும்பச் சிரித்தாள்.

“பதினோரு பேரைக் கேட்டேன். தெரியாதுன்னு சொன்னவ நீ ஒருத்திதான்டி.”

“இதுதாங்க பாரி தெரு. முனையில பலகை இருக்குதே” என்றான் பரசுராமன்.

“அதுல ஓணான் உக்காந்திருக்கும், பாத்திருக்கேன். எழுத்தைப் பாக்கலைங்க” என்றாள் கஸ்தூரி.

அவனும் சிரித்துவிட்டான்.

“எங்களுக்குப் புடிச்சிருக்குது. உனக்கு இஷ்டமா, சொல்லு” என்றாள் வேதா அம்மாள்.

கஸ்தூரி தலை குனிந்தாலும் பதிலைச் சரியாகத்தான் சொன்னாள். “அம்மா செருப்பைக் கையில தூக்கினு வந்தாரே, அப்பவே பாத்துட்டேன். இஷ்டந்தான்.”

நாலு இருபத்தைந்துக்கு, ஈரக் காலோடு எழுந்து, வேதா அம்மாள் அவளுக்குப் பூ வைத்தாள். சகாதேவன் மெல்லத் தூணை விட்டு வந்தார்.

“ஆவணியில நல்ல நாள் இருக்குமா?” என்று பொதுவாகக் கேட்டாள் வேதா அம்மாள்.

“ஒம்பதாந்தேதி. அதைவிட நல்ல நாள் கெடையாதுங்க” என்றார் சகாதேவன்.

பச்சையம்மாள் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தாள். ஒன்பதாம் தேதி கரிநாள்.

கல்யாணம் பதினோராம் தேதி நடந்தது.