எங்கட வீட்டிலயும் சூடில்லை

பனி நாட்டுப் புறநகரான பியர்பொன்ட்ஸில் இருபத்திரண்டு வருசமாக இருக்கும் நகுலேஸ்வரனிடம்தான், அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிற தமிழர்கள் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து மனைவி ரக்ஷனாவோடும் கைக்குழந்தையோடும் வந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த சரத்தும் நவம்பரில் கேட்டான். யன்னலுக்கு எந்தப் பிளாஸ்டிக் ஒட்டுவது, கதவிடுக்கை எதால் அடைப்பது, எத்தனை போத்தல் தண்ணீர் சேர்த்து வைப்பது என்று நகுலேஸ்வரன் தெருவிலேயே ஒரு மணித்தியாலம் நின்று சொல்லிக்கொடுத்தார்.

"கரண்ட் போயிட்டா ஹீட்டரும் போயிடுமே அங்கிள், அப்ப என்ன பண்றது?"

"அது கொஞ்ச நேரத்தில வந்திடும், தம்பி."

தன் வீட்டு ஹோலில் விறகடுப்பு இருப்பதை அவர் சொல்லவில்லை. முன்னொருமுறை மின்சாரம் போனபோது மனைவி துஷாந்தினியின் சொந்தக்காரர் ஒன்பது பேர் வந்து நாலு நாள் தங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றி வெளியில் மூச்சு விடுவதில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுந்த இடத்திலேயே உறைகிற மழை பெய்து கம்பிகளிலெல்லாம் ஐஸ் கட்டியது. திங்கட்கிழமை குளிர் மைனஸ் இருபத்தாறுக்கு இறங்கியது. காலை ஏழு மணிக்கு மின்சாரம் போனது. நகுலேஸ்வரன் அடுப்பை மூட்டினார். அவரும் துஷாந்தினியும் அதற்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள்.

மூன்று மணிக்குச் சரத் போன் எடுத்தான்.

"அங்கிள், உங்க வீட்ல ஏதாவது ஹீட் இருக்கா? பாப்பாவுக்கு கையெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு."

"எங்கட வீட்டிலயும் சூடில்லை, தம்பி. போர்வைக்குள்ளதான் இருக்கிறம்."

அவர் காற்சட்டையின் முழங்கால் அடுப்புச் சூட்டில் சுட்டுக்கொண்டிருந்தது.

துஷாந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏனப்பா பொய் சொன்னனீங்கள்? அஞ்சு மாதக் குழந்தை."

"விறகு ரண்டு நாளுக்குத்தான் காணும்."

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"இப்ப போனா நான் சொன்னது பொய்யெண்டு தெரிஞ்சிடுமே!"

அவள் அவரையே பார்த்தாள். விறகைப் பற்றி அவர் அந்த நேரம் யோசிக்கவில்லை. பொய் பிடிபட்டுவிடுமே என்ற வெட்கம்தான்; அது விறகைவிடச் சின்ன காரணம் என்பது அவருக்கே விளங்கியது. ஆனாலும் எழும்பவில்லை. அரை மணித்தியாலம் அப்படியே போயிற்று.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் சரத். பனிக்கால பூட்ஸும், மூக்குவரை இழுத்துச் சுற்றிய மஃப்ளருமாக நின்றான்.

"கிளம்புங்க அங்கிள். பக்கத்துல லைப்ரரியைத் திறந்து வெச்சிருக்காங்களாம், ஜெனரேட்டர்ல ஹீட் ஓடுதாம். கார்ல இடம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் குளிர்ல தனியா இருக்க வேணாம்னு ரக்ஷனா சொன்னா."

உள்ளிருந்து வந்த வெப்பத்தில் அவனுடைய மூக்குக்கண்ணாடி சட்டென்று ஆவி படிந்து மூடிப்போனது. கழற்றித் துடைத்தான். திரும்பப் போட்டபோது நகுலேஸ்வரனின் தோளுக்குப் பின்னால் நெருப்புத் தெரிந்தது.

"உள்ள வாங்கோ, தம்பி," என்றாள் துஷாந்தினி.

"இல்ல ஆன்ட்டி. பாப்பா கார்ல இருக்கா." அவன் வழுக்குகிற படியில் மெல்ல இறங்கினான்.

நகுலேஸ்வரன் வீட்டுச் செருப்போடு பின்னால் போனார். ஐஸில் இரண்டு முறை சறுக்கினார். காரின் கண்ணாடியைத் தட்டினார். ரக்ஷனா அதை இறக்கினாள். போர்வைக்குள் குழந்தையின் மூக்கு மட்டும் சிவந்து தெரிந்தது.

"பிள்ளை, நான் பொய் சொன்னனான். வீட்டில நெருப்பு இருக்கு. வாங்கோ."

அவள் சரத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். குழந்தைக்காகத்தான் இறங்கி வந்தாள்.

அடுத்த நாள் மாலைவரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ரக்ஷனா எல்லாவற்றுக்கும் அவரிடம் உத்தரவு கேட்டாள். "அங்கிள், பாப்பா பாட்டிலை இங்க வெச்சுக்கலாமா?" "கொஞ்சம் கிட்ட உக்காந்துக்கலாமா அங்கிள்?" அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே பயந்து கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவர், "ஓம், ஓம்," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

மின்சாரம் வந்ததும் அவர்கள் போர்வைகளை மடித்து வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். வாசலில் நகுலேஸ்வரன், "தம்பி, நேற்று நான்..." என்று தொடங்கினார்.

"பரவால்ல, விடுங்க அங்கிள்," என்றான் சரத். அவர் முகத்தைப் பார்க்காமல், குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.