எம லிங்கத்தருகே ஒரு வசனம்

அருணாதேவி வெள்ளைத் துணியைக் கணவன் செழியனின் மோவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். அவிழ்த்து மறுபடியும் இறுக்கினாள்.

"லூசா கட்டுங்க அண்ணி. தழும்பு விழுந்துடும்," என்றாள் செழியனின் தங்கை ரேவதி.

"வாய் தெறந்துக்கும்."

விடியற்காலையில் நெஞ்சு வலித்தபோதுகூட அவன் அவளை எழுப்பவில்லை.

வேங்கிக்கால் வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஐஸ் பெட்டியை வைத்தார்கள். செழியன் எடுத்த ஒரே படத்துக்குக் கேமரா பிடித்த கலையரசன், ஹாலிலிருந்த டிவியைத் தூக்கிவந்து பெட்டிக்கு எதிரே மேசைமேல் வைத்தார்.

"நம்ம படத்தை ஒருவாட்டி போட்டுடலாம் சிஸ்டர். ஜனங்க பாக்கட்டும்."

"தியேட்டர்ல ஈ காக்கா இல்ல. இங்கதான் எழுந்து போக முடியாத கூட்டம்," என்று பக்கத்து வீட்டு மணியம்மாள் முணுமுணுத்தாள்.

படத்தில் ஒரு கணவனும் மனைவியும் கிரிவலம் போவார்கள். கணவனாகச் செழியனே நடித்திருந்தான். வழிநெடுக அவன்தான் கேட்டுக்கொண்டு வருவான். மனைவி பதிலே சொல்லமாட்டாள். எம லிங்கத்தருகே நின்று, "கோவம்னா திட்டு. எதுனா ஒரு வார்த்தை பேசு. செவுத்துகூட எத்தினி நாள் குடித்தனம் பண்றது?" என்பான்.

நிஜத்தில் அது அருணாதேவி அவனிடம் சொன்னது. ஒரு பௌர்ணமியன்று, அதே இடத்தில். செழியன் காதில் விழாதவன்போல முன்னால் நடந்துவிட்டான். பிறகு அவள் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் தனக்கு வசனமாக எழுதிக்கொண்டான். தியேட்டர் வாசலில் ரேவதி, "எங்கண்ணன் இவ்ளோ கேட்டிருக்கு. ஒண்ணுக்காவது பதில் சொல்லியிருக்கலாம் அண்ணி," என்றிருந்தாள்.

"போடுங்கண்ணா. ரிமோட்டை எங்கிட்ட குடுங்க," என்றாள் அருணாதேவி.

திரையில் மலை வந்தது. நாற்காலிகள் திரும்பின. செழியன் வாயைத் திறந்ததும் அவள் முந்தானைக்குள் கட்டைவிரலை அழுத்தினாள்.

"இன்னாய்யா, சவுண்டு வரல?" என்றது ஒரு குரல்.

கலையரசன் டிவியைப் பார்த்தார்; அவளைப் பார்த்தார். கையை நீட்டினார். "ரிமோட், சிஸ்டர்."

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது அவளிடமிருந்து யார் பிடுங்குவது? அவர் கையை மடக்கிக்கொண்டார்.

ரேவதி அருகே வந்து உட்கார்ந்தாள். "அண்ணன் என்னா சொல்லுது அண்ணி?"

"தெரியல ரேவதி. எங்கிட்ட எதுவும் சொன்னதில்ல."

எம லிங்கம் வந்தது. அருணாதேவி ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். டிவியின் பிம்பம் அதில் விழுந்தது. கட்டியிருந்த வாயின்மேல், இன்னொரு வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.