வாய்க்கால் தடியால் அளந்த ஸ்ரைக்

எனக்கு உயரம் குறைவு, கோபம் கூட. "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று கண்டாவளையில் யாராவது சொல்ல நேர்ந்தால், முதலில் நான் பக்கத்தில் நிற்கிறேனா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். பார்க்காமல் சொன்ன ஒருவருடன் நான் ஒரு வருஷம் பேசவில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு சிறுபோகம் வெட்டி முடிந்த கையோடு, நிவாரணப் பணிக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்கு பேஸ்போல் பழக்கினார். பந்தை அடித்துவிட்டு மூன்று தளங்களையும் சுற்றி ஓடி, 'வீடு' என்று சொல்லும் அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு புள்ளி. எறிகிறவர் எறியும் பந்து, தரையில் மடித்துப் போட்ட நெல்லுச் சாக்குக்கு மேலாக, அடிக்கிறவரின் முழங்காலுக்கும் கமக்கட்டுக்கும், அதாவது அக்குளுக்கும், இடையில் போனால், அவர் அடிக்காமல் விட்டாலும் அது ஸ்ரைக். மூன்று ஸ்ரைக் விழுந்தால் ஆள் அவுட். அந்த எல்லைக்கு வெளியே போனால் அது போல். நான்கு போல் கிடைத்தால் மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். சும்மா நடந்துபோகவும் ஒரு விளையாட்டில் இடம் இருக்கிறது என்பது எங்கள் பெடியளுக்குப் பெரிய சந்தோஷம். பழக்கி முடித்து, மட்டையையும் பந்தையும் தோல் கையுறைகளையும் எங்களிடமே விட்டுவிட்டு, அவர் வவுனியாப் பக்கம் போய்விட்டார்.

எது ஸ்ரைக், எது போல் என்று சொல்ல நடுவர் வேண்டும். கதிர்காமநாதன் ஐயாவை வைத்தோம். வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடுபவர் அவர்தான். வாய்க்கால் மதகு இருக்கும் துருசடியில் அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சில்லை. அவர் நீர்மட்டம் பார்க்கும் தடியையே கையோடு கொண்டுவந்தார். அதில் தன் முழங்கால் உயரத்தில் ஒரு கோடும் கமக்கட்டு உயரத்தில் ஒரு கோடும் கரியால் கீறினார். அவர் ஆறடி ஆள்.

"ஐயா, அடிக்கிற ஆளின்ரை கமக்கட்டு எண்டெல்லோ வெள்ளைக்காரன் சொன்னவன்" என்றேன்.

"ஆளுக்கொரு அளவு வைச்சால் வாய்க்காலில கொலை விழும், தம்பி. எல்லாருக்கும் ஒரே தடி."

வேறு யாரும் இப்படிச் சொல்லியிருந்தால் அந்தத் தடி அன்றே இரண்டாக முறிந்திருக்கும். ஆனால் ஐயா கௌசலாவின் அப்பா. கௌசலாவைக் கட்டவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்ற காலம் அது. அவளுக்கும் விருப்பம்தான். கலியாணப் பேச்சுக்காலுக்குப் போனவரிடம் ஐயா சொல்லியனுப்பிய பதில் இது: "தயாபரன் நல்ல உழைப்பாளி. ஆனா மூக்குக்கு மேல கோபம். முறைத் தண்ணி பிந்தினதுக்கு மண்வெட்டி தூக்கின ஆள்." தண்ணீர் பிந்தியது உண்மை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஓர் அணி விளையாட வருவதாக ஏற்பாடு. அதற்கு முதல்நாள் கௌசலா வேலியடியில் என்னை மறித்தாள்.

"நாளைக்கு உங்களை ஒருக்காப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாராம். அம்மாட்டைச் சொன்னவர். அப்பா என்ன பிழை சொன்னாலும் வாயைத் திறக்காதேங்கோ."

"அவர் பிழை சொல்லாமல் விட்டால்?"

"சொல்லுவார்" என்றாள்.

கரைப் பெடியள் உழவு மெசின் பெட்டியில் ஆடிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு எறிகிறவன் மெல்ரொன். வீச்சுவலை எறிந்து பழகிய கை, எல்லாப் பந்தையும் உயரத்தான் எறிந்தான். எங்களில் மற்றவர்கள் வளர்ந்த ஆட்கள், அவர்களுக்கு அது நெஞ்சுக்கு நேரே வந்தது, விளாசித் தள்ளினார்கள். எனக்கு அது முகத்துக்கு நேரே வந்தது. முதல் தடவை நான் மட்டையோடு நின்றபோது மூன்று பந்தும் என் மூக்கைப் பார்த்துவிட்டுப் போயின. மூன்று தடவையும் ஐயா தடியைச் சாக்குக்குப் பக்கத்தில் ஊன்றிப் பார்த்துவிட்டு "ஸ்ரைக்" என்றார். நான் வெளியே வந்து ஒரு செம்பு தண்ணீரை அப்படியே குடித்தேன்.

கடைசி முறை எங்களுடையது. இரண்டு அணியும் சமம், எங்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் விழுந்தால் எங்கள் முறை முடிந்தது, மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள். நான் முதல் தளத்துக்கு நடந்தால் எல்லாரும் ஒவ்வொரு தளம் முன்னேறி ஒருவர் வீடு வந்து சேர்வார், வெற்றி எங்களுக்கு. எனக்கு மூன்று போல், இரண்டு ஸ்ரைக். மெல்ரொன் எறிந்தான். பந்து என் மூக்குக்கு நேரே வந்தது. குனிந்து விட்டேன். நாலாவது போல், வெற்றிதான் என்று எங்கள் பெடியள் துள்ளத் தொடங்கினார்கள்.

ஐயா தடியை ஊன்றினார். ஆறுதலாகப் பார்த்தார்.

"ஸ்ரைக். ஆள் அவுட்."

வயல்வெளி முழுவதும் என்னைத்தான் பார்த்தது. மெல்ரொன்கூட இரண்டடி பின்னுக்குப் போனான். என் காதெல்லாம் சுட்டது. கௌசலாவை நினைத்தேன், பல்லைக் கடித்தேன், மட்டையைக் குழந்தையைக் கிடத்துவது போல நிலத்தில் வைத்தேன்.

அப்போதுதான் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து கௌசலா விறுவிறென்று வந்தாள். தகப்பனின் கையிலிருந்து தடியைப் பிடுங்கி எனக்குப் பக்கத்தில் நட்டாள்.

"அப்பா, இதிலை வந்து பாருங்கோ. உங்கடை கோடு இவற்றை மூக்குக்கு நிக்குது. இவருக்கு என்ன, மூக்கிலயோ கமக்கட்டு? உங்களுக்குக் கண் என்ன பொட்டையோ?"

சனம் சிரித்து உருண்டது. கரைப் பெடியளும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாய்க்கால் தொடங்கி வெள்ளைக்காரர் வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பொரிந்து தள்ளினாள். நான் வாயைத் திறக்காமல் இருந்ததெல்லாம் வீண், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஐயா அவள் முடிக்கும்வரை காத்திருந்தார். நெடுநாள் பழகியவர் காத்திருப்பது போல இருந்தது.

"சொன்னது சொன்னதுதான், பிள்ளை. அவுட்." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நடுவர் சொன்னால் முடிஞ்சுதுதானே, ஐயா."

"ம். இவள் தாயைப் போல. இவளோட சீவிக்கிறவனுக்கு வாயை மூடத் தெரியவேணும். அது உமக்கு ஏலுமோ எண்டுதான் எனக்கு யோசனை." தடியைப் பிடுங்கித் தோளில் வைத்தார். "ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாரும்."

கௌசலா தரையைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் பிறவிக் குணம் விடுமா? நாலடி நடந்துவிட்ட மனிதரின் பின்னால் ஓடினேன்.

"மாமா, ஆனா அது போல்தான்."

"தெரியும்" என்றார் மாமா.